பூஜ்யம் போட்ட மாப்பிள்ளை

பஞ்சவர்ணத்தை அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே ஒருவரையும் பிடிக்காது. இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது, இதில் யாருக்கு என்ன குறை என்று அவளே கேட்பாள்.

கிளமெண்டி பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் அந்த நிறுவனம் இருந்தது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு ஒரு சின்னப் பெட்டியைச் செய்து விற்றார்கள். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் வெல்டிங் வேலைக்கு ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தொட்டியின் வாயருகே மாட்டுவார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் இருட்டுக்குள் இறங்கும். கேபிளின் நுனியில் காற்றை முகர்ந்து பார்க்கும் சென்சார். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு. விஷவாயு கசிந்தால் சிவப்பு விளக்கு, கூடவே காதைக் கிழிக்கும் ஊதல். பச்சையைப் பார்த்துத்தான் ஆட்கள் இறங்குவார்கள். பச்சையை நம்பித்தான் உள்ளே மூச்சு விடுவார்கள்.

பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி உண்டு. அந்தக் கணினியின் ஆணிவேரான மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். அதைக் கட்டித் தருவது பஞ்சவர்ணத்தின் வேலை. எல்லோரும் எழுதிய நிரல்களைச் சேர்த்துக் கம்பைலரிடம் கொடுப்பாள். கம்பைலர் வரி வரியாகப் படித்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும். படிக்கும்போது ஏதாவது ஒரு வரியில் அதற்குச் சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தாது. ஓர் எச்சரிக்கையைத் திரையில் எழுதிவிட்டு மேலே போய்விடும். கெர்னல் என்பது கடல்போன்ற நிரல். அதனால் எச்சரிக்கைகளும் திரையில் மழையாகக் கொட்டும். கொட்டுவதை யார் படிக்கிறார்கள்? "அது எப்பவும் வர்றதுதான் லா" என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

பஞ்சவர்ணம் போகமாட்டாள். யார் வரியில் எச்சரிக்கை வந்ததோ அவர் மேசைக்கு நேராகப் போய் நிற்பாள். நாலு பேர் காதில் விழும்படி கேட்பாள். அவள் நடந்து வரும் சத்தம் கேட்டாலே பாதிப் பேர் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். கணவர் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபோது, "உன்னோட வாழ்றது தினமும் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு செம்பவாங் அடுக்குமாடி வீட்டில் அவளும் மகள் கவிப்ரியாவும் மட்டும்தான். அந்த மகளுக்காகத்தான் பஞ்சவர்ணம் உயிரோடு இருந்தாள். அதை ஒருநாளும் வாய் திறந்து மகளிடம் சொன்னதில்லை.

கம்பெனி தீபாவளி விருந்துக்கு அம்மாவோடு வந்த கவிப்ரியா, அம்மாவின் குழுவில் வேலை பார்த்த ஷங்கரைச் சந்தித்தாள். துடிப்பானவன். சிரித்தால் அறையே சிரிக்கும். பழகினார்கள், அரசாங்க வீட்டுக்குச் சேர்ந்து எழுதிப் போட்டார்கள், நிச்சயமும் முடிந்தது. பெருமாள் கோயில் மண்டபம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம்.

அந்த நேரத்தில்தான் புது வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு பெரிய கப்பல் பட்டறை. ஏற்கெனவே பழைய பெட்டிகளை வாங்கி மாட்டியிருந்தார்கள். இப்போது புது ரகம் வேண்டும், ஆனால் கெர்னலைக் கட்டும்போது ஓர் எச்சரிக்கைகூட வரக்கூடாது. குழுத்தலைவர் பாலகிருஷ்ணன் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டார். பஞ்சவர்ணம் வாயைத் திறப்பதற்குள் ஷங்கர் கையைத் தூக்கினான்.

"நான் பார்த்துக்கறேன் பாஸ். ரெண்டே வாரம்."

சொன்னபடியே முடித்தான். பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, கம்பைலர் கெர்னலைக் கட்டி முடித்தது. ஓர் எச்சரிக்கை இல்லை! ஒரே கைதட்டல். பாலகிருஷ்ணன் கேக் வாங்கி வைத்திருந்தார். கைதட்டாமல் நின்றது பஞ்சவர்ணம் ஒருத்திதான்.

"எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போச்சு அத்தை. சுத்தம்." அலுவலகத்தில் 'அத்தை' என்ற சொல்லை அவன் வேண்டுமென்றே இழுத்துச் சொல்வான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"சென்சார் கிட்டேயிருந்து பதில் வாங்குற இடத்துல ஒண்ணு வருமே. ஒரு வேரியபிளுக்கு மதிப்பே வைக்காம இருக்கலாம்னு சொல்லுமே. அதுக்கு என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?"

"ஆரம்பத்துலேயே பூஜ்யம் போட்டுட்டேன். வாய மூடிடுச்சு."

பஞ்சவர்ணத்தின் முகம் கறுத்தது.

வேரியபிள் என்பது ஒரு பாத்திரம். சென்சார் சொல்லும் செய்தியை அதில் போட்டு வைக்க வேண்டும். 'செய்தி வராமலே போனால் இந்தப் பாத்திரத்தில் எதுவும் விழாது, வெறும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாயா?' என்பதுதான் கம்பைலரின் கேள்வி. ஷங்கர் அந்தப் பாத்திரத்தில் முதலிலேயே பூஜ்யத்தைப் போட்டுவிட்டான். கம்பைலருக்குத் திருப்தி. ஆனால் கெர்னலில் பூஜ்யம் என்றால் 'ஒரு குறையும் இல்லை, எல்லாம் நலம்' என்று பொருள்!

"பூஜ்யத்துக்குக் கெர்னல்ல என்ன அர்த்தம்னு உங்க யூனிவர்சிட்டியில சொல்லித் தரலையா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். "சென்சார் செத்துக் கிடந்தாலும் உங்க பெட்டி பச்சை காட்டும். ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்தீங்களா? இல்ல, கேக் வெட்டுற அவசரமா?"

ஷங்கரின் காது மடல் சிவந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு கேக்கை அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க அத்தை. இதைச் சாப்பிட்டாவது வாய் கொஞ்சம் இனிக்குதான்னு பார்ப்போம்."

அறையே சிரித்தது. பஞ்சவர்ணம் மானம் போன கோபத்தில் கேக் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த எண்ணம் அவளுக்கு அப்போது வரவே இல்லை.

மறுநாள் பாலகிருஷ்ணன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கெர்னல் வெளியே போவதற்கு முன் பஞ்சவர்ணம் அதில் மின்கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான சாவி ஒரு சின்ன யூஎஸ்பி. அலுவலக அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அந்தக் கையெழுத்து இல்லாத கெர்னலை விற்பனைப் பெட்டிகள் ஏற்காது. சோதனைப் பெட்டி ஒன்று மட்டும்தான் கையெழுத்து இல்லாமல் ஓடும்.

"கையெழுத்துப் போட்டுடுங்க பஞ்சவர்ணம்."

"கேபிளைப் பிடுங்கி ஒரு தடவை காட்டுங்க பாலா, போடறேன்."

"சோதனைப் பெட்டியைக் கப்பல் யார்டுக்கு அனுப்ப முத்திரை வச்சாச்சு. இப்போ அதைப் பிரிக்க முடியாது. ஆபீஸ்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா? மருமகன் மேல மாமியாருக்குப் பொறாமைன்னு."

"பேசட்டும்."

"யார்டுல டெமோ முடிஞ்சதும் அங்கேயே போடுங்க. முடியாதுன்னா சாவியை ஷங்கர் கையில கொடுத்துட்டு வேற வேலை தேடிக்கோங்க."

அந்தச் செய்தி ஷங்கரின் அம்மா லீலாவின் காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. லீலா வாய்க்காரி. மகன்தான் அவளுக்கு உலகம். சனிக்கிழமை தேக்கா சந்தை மாடியில், தையல்காரரிடம் கவிப்ரியா முகூர்த்த ரவிக்கையை அளவு பார்க்க, பஞ்சவர்ணம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு லீலா வந்து நின்றாள்.

"என்ன சம்பந்தி, என் பையன் ஆபீஸ்ல கைதட்டு வாங்கினது உங்க கண்ணை உறுத்துதாமே?"

"கைதட்டு உறுத்தல. அவர் போட்ட பூஜ்யம் உறுத்துது."

"பூஜ்யமோ நூறோ எனக்கென்ன தெரியும்? இந்த வேலை முடிஞ்சா அவனுக்குப் பதவி உயர்வு. ஒரு கையெழுத்துதானே? மாப்பிள்ளைக்குச் செய்ற சீரா நினைச்சுப் போடுங்களேன். சீர்னு நாங்க ஒரு பொட்டுத் தங்கம் கேட்டோமா?"

"தங்கம் கேளுங்க, கழட்டித் தரேன். கையெழுத்தைச் சீரா வைக்க முடியாது."

"அப்போ கேட்டுக்கோங்க." லீலாவின் குரல் பக்கத்துச் சேலைக் கடைவரை கேட்டது. "உங்க கையெழுத்து விழலைன்னா என் பையன் தாலி கட்ட மாட்டான். மண்டபத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்!"

தையல்காரர் வாயில் கவ்விய குண்டூசிகளோடு அப்படியே நின்றார். லீலா விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். பாதி தைத்த ரவிக்கையோடு கண்ணாடி முன் நின்ற கவிப்ரியாவின் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் அவள் அழவில்லை.

"போட்டுடும்மா."

"பிரியா, நான் சொல்றது..."

"நீ சொல்றது! ஸ்கூல் பேக்கைத் தூக்கினா விழுந்துடுவேன்னே. பஸ்ல ஏறினா தப்பான பஸ்ஸுன்னே. ஷங்கரைக் கூட்டிட்டு வந்தா யோசிச்சுக்கோன்னே. நீ சொன்னதுல எது நடந்துச்சு, எது நடக்கலைன்னு எனக்கு ஞாபகமே இல்லம்மா. ஏன் தெரியுமா? நான் கேட்குறதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு."

பஞ்சவர்ணம் மகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அசையாதே. ஊசி குத்திடும்."

கவிப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெமோ நாளில், சாவி கழுத்திலேயே தொங்க, செம்பவாங் பக்கத்துக் கப்பல் பட்டறைக்குப் பஞ்சவர்ணம் போனாள். பாலகிருஷ்ணனும் ஷங்கரும் முன்னாலேயே வந்திருந்தார்கள். பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி முகமது யூசுப் அவர்களைச் சேமிப்பறைக்கு அழைத்துப் போனார். தொட்டிக்குள் இறங்கும் ஆட்களின் உயிருக்குப் பொறுப்பு அவர்தான். அதனால் சிரிப்பதைக் குறைத்துக்கொண்ட மனிதர்.

ஷங்கர் சோதனைப் பெட்டியை மேசைமேல் வைத்து இயக்கினான். பச்சை. சென்சார் அருகே கொஞ்சம் சோதனை வாயுவைத் திறந்துவிட்டான். சிவப்பு எரிந்தது, ஊதல் அலறியது. வாயுவை மூடினான். மறுபடி பச்சை.

"நல்லாருக்கு" என்றார் யூசுப்.

"பஞ்சவர்ணம், கையெழுத்து" என்றார் பாலகிருஷ்ணன்.

அவள் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். மேசை அருகே வந்தாள். ஷங்கர் நிம்மதியாக மூச்சு விட்டதுகூட அவளுக்குக் கேட்டது. மகளின் முகம் கண்முன் வந்தது. மண்டபமும் மேளமும் மாலையும் வந்தன. மறு நொடி அவள் கை சாவியை விட்டுவிட்டுக் கேபிளைப் பற்றி வெடுக்கென்று பிடுங்கியது.

சென்சார் தனியாக அவள் கையில் ஆடியது. பெட்டியில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

யூசுப் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இரத்தமில்லை.

"உள்ளே கேபிள் அறுந்தாலும் இது பச்சைதான் காட்டுமா?"

"காட்டும்" என்றாள் பஞ்சவர்ணம். "மாப்பிள்ளை பூஜ்யம் போட்டிருக்காரு. பழைய பெட்டின்னா சிவப்பு வந்திருக்கும்." அவள் குரலில் வெற்றி இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "வேணும்னா பழசைக் கொண்டு வாங்க."

அலமாரியில் பழைய ரகப் பெட்டி ஒன்று இருந்தது. எடுத்து வைத்து இயக்கினார்கள். யூசுப் கேபிளைப் பிடுங்கினார். சிவப்பு! பஞ்சவர்ணம் ஷங்கரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டான்.

ஆனால் அவன் முகத்தில் எதுவோ மாறியது. அவமானம் போய் அங்கே ஒரு வெறி வந்தது.

"திரும்பச் சொருகுங்க சார்" என்றான். "திரும்பப் பிடுங்குங்க."

சிவப்பு.

"இன்னொரு தடவை."

மறுபடியும் சிவப்பு. பாலகிருஷ்ணன் "போதும் ஷங்கர்" என்றார். அவன் கேட்கவில்லை. தானே சொருகினான், தானே பிடுங்கினான். சொருகினான், பிடுங்கினான்.

பச்சை!

"பார்த்தீங்களா?" ஷங்கரின் குரல் உடைந்தது. "என் நிரல்ல பூஜ்யம். இதுல ஒண்ணுமே இல்ல, வெறும் பாத்திரம். முன்னாடி யாரோ விட்டுப்போன குப்பைதான் அதுல கிடக்கும். குப்பை பூஜ்யமா இல்லாதவரைக்கும் சிவப்பு. அதிர்ஷ்டம் சார், வெறும் அதிர்ஷ்டம்! அந்த வரியை எழுதினது யாருன்னு கேளுங்க. இவங்க! அந்த எச்சரிக்கை வருஷக்கணக்கா வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஊர்ல இருக்கிற எல்லார் மேசைக்கும் போனாங்களே, தன் மேசைக்குப் போனாங்களா?"

பஞ்சவர்ணம் அந்தப் பச்சையையே பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு முறை கெர்னலைக் கட்டும்போதும் அந்த எச்சரிக்கை திரையில் அதே இடத்தில் வந்து போகும். அது தன்னுடையது என்பதால், தெரிந்த முகத்தைத் தெருவில் பார்த்ததுபோல அதைத் தாண்டிப் போய்விடுவாள். என்றைக்காவது சரி செய்யலாம் என்று விட்டிருந்தாள். அவன் பூஜ்யம் போட்டதும், அதுவரை காப்பாற்றி வந்தது தன் திறமை என்றே நம்பிவிட்டாள்.

"என் வரிதான்" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "என் வரிதான்."

யூசுப் அதைக் கேட்க நிற்கவில்லை. வாக்கிடாக்கியை வாயருகே வைத்தபடி ஓடினார்.

"தொட்டியில இருக்கிற எல்லாரும் மேல வாங்க! வேலையைப் போட்டுட்டு வாங்க! எல்லாரும்!"

அப்போதுதான் பஞ்சவர்ணத்துக்கு உறைத்தது. பழைய பெட்டிகள் அந்த நிமிடமும் கப்பலில் மாட்டியிருந்தன. அவள் கட்டிய கெர்னலை நம்பி, உள்ளே ஆட்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளும் ஓடினாள். ஷங்கரும் ஓடினான். கப்பல் தளத்தில், தொட்டியின் வட்ட வாயிலிருந்து ஒரு தலைக்கவசம் எழுந்தது. பிறகு இன்னொன்று. வேர்வையில் குளித்து, கரி பூசிய முகங்கள். தமிழ்நாட்டு ஆட்கள், வங்காளத்து ஆட்கள். யூசுப் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு எண்ணினார். எல்லோரும் வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக வந்த தாடிக்காரர் எரிச்சலோடு கையுறையைக் கழற்றினார்.

"என்னண்ணே இது, பாதி வேலையில? லைட்டு பச்சையாத்தானே எரியுது?"

யூசுப் திரும்பிப் பஞ்சவர்ணத்தையும் ஷங்கரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் என் யார்டை விட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்காரர்கள் பெட்டிகளையெல்லாம் கழற்றித் திருப்பி அனுப்பினார்கள். வாங்கிய மற்றவர்களுக்கும் பாலகிருஷ்ணன் உடனே சொல்லிவிட்டார். லீலா மண்டபத்துக்குப் போன் செய்தாள். ஆனால் அவளுக்கு முன்பே யாரோ போன் செய்து தேதியை விட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்த யாரோ கவிப்ரியாதான்.

வீட்டுக்குக் கீழே இருந்த கோப்பிக்கடையில் அவள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"ஷங்கர், தெரியாமப் போட்டது பரவாயில்ல. அம்மா கேட்டாங்கல்ல, அப்போ ஒரு தடவை கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருக்கலாம்ல?"

ஷங்கர் குவளையைப் பார்த்தான்.

"நீ அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லம்மா?"

பஞ்சவர்ணமும் குவளையைப் பார்த்தாள்.

"அவருக்குக் கைதட்டு முக்கியம். உனக்கு அவரை ஜெயிக்கிறது முக்கியம். நடுவுல அந்த ஆளுங்க தொட்டிக்குள்ள இருந்தாங்க." கவிப்ரியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் கொஞ்ச நாள் ஃபிரெண்டு வீட்டுல இருக்கேன். இப்போதைக்கு எனக்கு யாரும் போன் பண்ணாதீங்க."

அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஷங்கர் எழுந்து எதிர்த்திசையில் போனான்.

பாலகிருஷ்ணன் இருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தார். ஷங்கர் அடக்கிய எச்சரிக்கைகள் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். இனி கெர்னல் வெளியே போக இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் கம்பைலர் மறுபடி மழை கொட்டியது. பஞ்சவர்ணம் முதலில் தன் வரியைத் திறந்தாள். மறுபடி வெறுமையாகிவிட்ட பாத்திரத்தில் முதலிலேயே ஒரு பிழை எண்ணைப் போட்டாள். சென்சார் பேசாவிட்டால் இனி சிவப்புதான் எரியும். ஷங்கர் பக்கத்தில் இருந்து பார்த்தான். கேபிளை எடுத்துத் தன் கையாலேயே பிடுங்கிப் பார்த்தான். பத்து முறையாவது இருக்கும். அவள் தடுக்கவில்லை.

"சரியா இருக்கு மேடம்" என்றான். 'அத்தை' போய்விட்டது. அந்தக் கேலிகூட இல்லாத அந்த 'மேடம்' அவள் நெஞ்சில் கத்தியாக இறங்கியது.

"மேடம்னு கூப்பிட்டா உங்க தப்பு குறைஞ்சிடாது தம்பி."

"அத்தைன்னு கூப்பிட்டா உங்க தப்பும்தான்."

இரண்டு போன்களும் மேசையில் திரை மேலே தெரியும்படி கிடந்தன. இரண்டும் அடிக்கவில்லை. அடிக்காதா என்று இரண்டு பேரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததை மற்றவர் பார்த்துவிட்டாரோ என்று கணினித் திரைக்குத் திரும்பினார்கள்.

ஷங்கர் அடுத்த எச்சரிக்கையைச் சத்தமாகப் படித்தான். ஏதோ ஒரு பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் திணிக்கப் பார்க்கிறார்களாம்.

"யார் எழுதினது?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"நான்."

அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"திறங்க. பார்ப்போம்."